ஒட்டுப் போட்ட பட்டியல்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி மூன்று முறை கேட்டுவிட்டார்கள். எனக்கு அறிவுரை சொல்ல வராது. திட்ட வரும். முப்பத்து மூன்று வருடத்தில் உங்கள் ஆராய்ச்சி நிலையக் கட்டடத்தில் என்னிடம் திட்டு வாங்காதவர் யாரும் இல்லை. ஒரே ஒரு திட்டு மட்டும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. அது எனக்கானது. அதை இங்கே தீர்த்துவிடுகிறேன்.

நான் பார்த்த வேலை நட்சத்திரக் கொத்துகளுக்கு வயது சொல்வது. கேட்கிறவர்களில் பாதிப் பேர் ஜோசியம் என்று நினைக்கிறார்கள். ஒரே வாயு மேகத்திலிருந்து ஒரே காலத்தில் பிறந்து, கூட்டமாக இருக்கும் நட்சத்திரங்கள்தான் கொத்து. அதில் பெரிய நட்சத்திரம் சீக்கிரம் எரிந்து தீரும், சின்னது மெதுவாக எரியும். எந்த அளவு வரைக்கும் தீர்ந்திருக்கிறது என்று பார்த்தால் கொத்து எப்போது பிறந்தது என்று தெரிந்துவிடும். அவ்வளவுதான் வித்தை.

இது எதற்கு உதவும்? நம் பால்வீதிக்குப் பக்கத்தில் இரண்டு குட்டி கேலக்ஸிகள் இருக்கின்றன. மெகல்லன் மேகங்கள் என்று பெயர். நாங்கள் பெரியவன், சின்னவன் என்போம். இவை எப்போதாவது ஒன்றை ஒன்று ரொம்ப நெருங்கிப் போகும். அப்போது ஒன்றின் ஈர்ப்பு மற்றதைப் பிடித்து இழுக்கும், நிலா கடலை இழுக்கிற மாதிரி. உள்ளே இருக்கும் வாயு நசுங்கும். நசுங்கிய இடத்தில் கொத்துகள் கும்பலாகப் பிறக்கும். பல கோடி ஆண்டு கழித்து நாம் வந்து அந்தக் கொத்துகளின் வயதை வரிசையாக எழுதிப் பார்த்தால், ஒரு வயதில் மட்டும் கூட்டம் முட்டிக்கொண்டு நிற்கும், அதை முட்டு என்போம். அதுதான் இரண்டும் உரசிய காலம். யாரும் பார்க்காத ஒரு சண்டை எப்போது நடந்தது என்பதை, அன்றைக்குப் பிறந்த பிள்ளைகளின் வயதை வைத்துச் சொல்கிறோம். இதைப் படித்தும் உங்களுக்குச் சிலிர்க்கவில்லை என்றால் வேறு வேலைக்குப் போய்விடுங்கள். அங்கே சம்பளமும் ஜாஸ்தி.

நான் ஓய்வு பெற்று, திருவண்ணாமலையில் வேங்கிக்கால் பக்கம் வீடு எடுத்துக் குடிவந்த முதல் வருடம் இது நடந்தது. என்னுடைய கடைசி மாணவியின் ஆராய்ச்சி அப்போது முடியவில்லை. பெயர் மகேஸ்வரி. சொந்த ஊர் அடி அண்ணாமலை. அவள் அப்பா அம்மாவுக்குக் கிரிவலப் பாதையில் ஒரு சின்னக் கடை. பௌர்ணமி என்றால் நிலா வெளிச்சத்தில் மங்கலான எதுவும் தெரியாது, அதனால் எங்கள் தொழிலில் அது லீவு மாதிரி. இந்த ஊருக்கோ அன்றைக்குத்தான் வேலை. மாதா மாதம் மகேஸ் லீவில் வந்து கடையில் நின்று தண்ணீர் பாட்டிலும் சுண்டலும் விற்பாள். விற்கிற நேரம் போக என் வீட்டுக்கு வந்து கொத்துகளைப் பார்ப்பாள்.

அந்த இரண்டு கேலக்ஸிகளும் நம் ஊர் வானத்தில் தெற்கே தரையை ஒட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். அதனால் பூமியின் தென்பாதியில் உள்ள தொலைநோக்கிகள் எடுத்துப் பொதுவில் வைத்திருந்த படங்களை வைத்துத்தான் வேலை. அதற்கு ஒரு பட்டியல் வேண்டும். இன்ன வயதுள்ள கொத்தில் நட்சத்திரங்களின் நிறமும் பிரகாசமும் இப்படி இருக்கும் என்று சொல்கிற பட்டியல். ஒரு குழு இளம் வயதுகளுக்குப் போட்டிருந்தது. இன்னொரு குழு முதிர்ந்த வயதுகளுக்கு. பல வருடம் முன்பு நான் இரண்டையும் ஒட்டி ஒரே கோப்பாக ஆக்கினேன். எல்லோரும் அதை எடுத்துப் பயன்படுத்தினார்கள். கோப்புக்கு என் பெயரே நின்றுவிட்டது. எனக்கு அதில் பெருமை, மறைக்க மாட்டேன்.

ஒட்டிய அன்று எனக்கு மேலே இருந்த அம்மையார் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார். "ஒட்டின எடம் எதுன்னு கொட்டை எழுத்துல மேல எழுதி வை. நாளைக்கு நீயே மறந்துடுவே." நான் எழுதவில்லை. மறந்தும் போனேன்.

ஒரு பௌர்ணமிக்கு முதல் நாள். மகேஸ் ஆறு மாதம் உட்கார்ந்து இரண்டு கேலக்ஸியிலும் உள்ள கொத்துகளுக்கு வயது போட்டு முடித்திருந்தாள். எந்த வயதில் எத்தனை கொத்து என்று வரைந்த படத்தைத் திறந்தோம். பெரியவனிலும் ஒரு முட்டு, சின்னவனிலும் ஒரு முட்டு. இரண்டும் ஒரே இடத்தில், சுமார் இருபது கோடி ஆண்டில். இரண்டு கேலக்ஸியும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டுச் சாட்சி சொல்வது போல இருந்தது. எங்கள் குழுத் தலைவர் முன்பு என்னிடம் படித்தவர், வேறு ஊரில் இருக்கிறார். உடனே அவருக்குப் போன் போட்டேன்.

"இன்னொரு குழு இதையே பண்ணிட்டிருக்காங்க மேடம். நாளைக்குச் சாயந்திரம் ஆறு மணிக்குக் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பிடறேன்," என்றார்.

"அனுப்பு. எதுக்கு யோசனை?" என்றேன்.

கட்டுரையில் முதல் பெயர் மகேஸ். வெளிநாட்டில் ஒரு வேலைக்கு அவள் விண்ணப்பம் போட அதற்கு அடுத்த நாள்தான் கடைசி. அந்தக் கட்டுரை அனுப்பியாகிவிட்டது என்று காட்டினால் வேலை கிடைக்கும், காட்டாவிட்டால் சந்தேகம்தான். இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

பௌர்ணமி அன்று பகல் ஒரு மணி. மகேஸ் அப்பாவின் மொபெட்டில் வந்து இறங்கினாள். சுண்டல் தூக்கு கொண்டு போகும் பையில் லேப்டாப். முகம் செத்துப் போயிருந்தது.

"மேடம், அந்த முட்டு நிக்குற எடமும் உங்க பட்டியல்ல ரெண்டு பாதியும் ஒட்டுற எடமும் ஒண்ணு."

"என்ன உளர்றே?"

"படத்துக்குக் கோடு போடறதுக்காகக் கோப்பைத் திறந்தேன். இருபது கோடி வரைக்கும் வரிசை ஒரு மாதிரி போவுது. அதுக்கு மேல வேற மாதிரி. நடுவுல பிரகாசம் ஒரு குதி குதிக்குது. வயசு கம்மியா வர வேண்டிய கொத்தும் ஜாஸ்தியா வர வேண்டிய கொத்தும் தப்பி ஒட்டு மேலயே வந்து விழுது போல மேடம்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கோப்பைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். நான் செய்தது என்ன? கத்தினேன். பக்கத்து வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்துகிற அளவுக்குக் கத்தினேன்.

"ஆறு மாசமா என்ன பண்ணிட்டிருந்த? இன்னைக்குத்தான் கண்ணு தெரிஞ்சுதா உனக்கு?"

அவள் அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "உங்க பேர் போட்டிருந்துச்சு மேடம். அதான் பாக்கல."

வாங்கின அடிகளிலேயே எனக்கு வலித்தது இதுதான். இன்னும் வலிக்கிறது. சேர்ந்த முதல் நாளிலிருந்து அந்தப் பெண்ணிடம் எதையும் நம்பாதே, எதையும் சரிபார் என்று கத்தி வந்தவள் நான். என்னைச் சரிபார் என்று மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை.

கோப்பைத் திறந்தேன். அவள் சொன்னது சரி.

போனை எடுத்தேன். தலைவரிடம் கட்டுரையை நிறுத்தச் சொல்ல வேண்டும். சிக்னல் இல்லை. வீட்டு இன்டர்நெட் ஏற்கெனவே போயிருந்தது. பௌர்ணமிக்குத் தண்ணீர்க் குழாய் போடுகிறேன் என்று தெருவைத் தோண்டியவர்கள் கேபிளை வெட்டிவிட்டார்கள். மாடிக்குப் போனேன், தெருக்கோடிக்குப் போனேன். ஒரு கோடுகூட வரவில்லை.

"இந்த எழவு போன் போன வாரத்திலேருந்தே சரியில்ல," என்று அதைத் தட்டினேன்.

"போன் நல்லாதான் இருக்கு மேடம். ஊர் பூரா ஜனம் நிக்குது. எங்க கடையில காலையிலேருந்தே யாருக்கும் கிடைக்கல."

மணி இரண்டு. டவுனுக்குள் போக முடியாது, எல்லா ரோட்டிலும் தடுப்பு. கீழ்பென்னாத்தூரில் என் தம்பி மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கிற மிஷின் வைத்திருக்கிறான். அங்கே போனால் சிக்னலும் உண்டு, கரண்டும் உண்டு. மகேஸை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். எதிரே பஸ் பஸ்ஸாக ஜனம் வருகிறது. உள்ளே வருகிறவர்கள் ஆயிரம், வெளியே போகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர். ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி, "கோயில் இந்தப் பக்கம்மா," என்றார்.

தற்காலிக பஸ் நிலையத்தைத் தாண்டி, வயல் வர ஆரம்பித்த இடத்தில் பின்னால் இருந்து மகேஸ் தோளைத் தட்டினாள்.

"வண்டிய நிறுத்துங்க மேடம்."

"சிக்னல் வந்துடுச்சா?"

"ரெண்டு கோடு வந்திருக்கு. அது இல்ல மேடம், வேற ஒண்ணு. போன் கெட்டிருந்தா எங்க போனாலும் எடுக்காது, இல்லையா? கூட்டத்தால போச்சுன்னா கிரிவலப் பாதைப் பக்கம்தான் போவும், இங்க வந்தா வந்துடும்."

"அதுக்கென்ன இப்போ?"

"பட்டியல்ல தப்பு இருந்தா எல்லாக் கொத்தும் அதே பட்டியலைத்தானே பாக்குது. கேலக்ஸியில எந்தப் பக்கம் இருந்தாலும் முட்டு ஒரே மாதிரி வரணும். நெசமாவே பக்கத்துக் கேலக்ஸி இழுத்திருந்தா, அதைப் பாத்து இருக்குற பக்கம்தான் ஜாஸ்தி வரும்."

ஸ்கூட்டரை ஓரம் கட்டி ஸ்டாண்டு போட்டேன். பட்டியலைத் திருத்தி எல்லாக் கொத்துகளுக்கும் மறுபடி வயது போட ஒரு வாரம் ஆகும். ஆனால் கையில் இருக்கும் வயதுகளை அப்படியே வைத்துக்கொண்டு, கேலக்ஸியை நான்கு பக்கமாகப் பிரித்து எண்ணிப் பார்க்க அரை மணி போதும். இந்த யோசனை எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏன் என்றால் நான் அதுவரை கொத்துகளைப் பற்றி யோசிக்கவே இல்லை, என் பெயரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

"முதல்ல எண்ணிப் பாத்துட்டு அப்புறம் சாருக்குச் சொல்லலாமா மேடம்?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. முடிவு நல்லபடி வந்தால் கட்டுரையை நிறுத்தவே வேண்டியதில்லை. அவள் வேலையும் பிழைக்கும். எனக்கும் அதுதான் ஆசை. ஆசை இருந்ததால்தான் கூடாது என்று தோன்றியது. தெரிந்த பிறகு ஒரு நிமிடம் தாமதித்தாலும் அது தெரியாமல் செய்த தப்பு ஆகாது. அங்கேயே ரோட்டோரம் நின்று போன் போட்டேன்.

"கட்டுரையை அனுப்பாதே. என் பட்டியல்ல தப்பு இருக்கு."

"மேடம், நேத்து நீங்கதான் அனுப்புன்னீங்க."

"ஆமாம். நேத்து நான் முட்டாள்."

"அவங்க முந்திடுவாங்க மேடம். மகேஸோட வேலை?"

"அவளே இங்கதான் நிக்குறா. அவதான் தப்பைக் கண்டுபிடிச்சது."

"அந்தப் பட்டியலை வச்சு நாம ஏற்கெனவே நாலு கட்டுரை போட்டிருக்கோம்," என்றார் மெதுவாக.

அதுவரை எனக்கு அது உறைக்கவில்லை. "தெரியும்," என்று பொய் சொல்லி போனை வைத்தேன்.

கீழ்பென்னாத்தூரில் தம்பியின் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஊரே அதிர்கிற சத்தம்.

"மிஷினை நிறுத்துடா. அரை மணி நேரம்."

"லோடு ஏத்தணும்க்கா. என்னா அவசரம்?"

"நட்சத்திரம் எண்ணணும்."

"நட்சத்திரம் எங்கக்கா போயிடப் போவுது? லாரி போயிடும்." ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். நிறுத்திவிட்டு எங்கள் பின்னாலேயே வந்து நின்றான். வேலை செய்த நான்கு பெண்களும் வந்து நின்றார்கள்.

மல்லாட்டை மூட்டை மேல் லேப்டாப்பை வைத்தாள் மகேஸ். முதலில் பெரியவன். நான்கு பக்கமாகப் பிரித்து எண்ணினாள். நான்கு பக்கமும் முட்டு ஒரே அளவு. அச்சடித்தது போல.

"போச்சு. இது ஒட்டுதான்," என்றேன். பெரியவனின் சாட்சி பொய்ச்சாட்சி. சொல்லிக் கொடுத்தவள் நான்.

அடுத்தது சின்னவன். மூன்று பக்கம் எண்ணினாள். அதே சின்ன முட்டு, அதே அளவு. எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. நான்காவது, பெரியவனைப் பார்த்து இருக்கும் பக்கம். முடிவு திரையில் வந்தது. மகேஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். மற்ற மூன்று பக்கத்தையும் சேர்த்தாலும் எட்டாத உயரத்துக்கு ஒரு முட்டு.

"இரு இரு," என்றேன். "அந்தப் பக்கம் மொத்தமாவே கொத்து ஜாஸ்தியா இருந்தா?"

"இது எண்ணிக்கை இல்ல மேடம், நூத்துக்கு எவ்வளவுன்னுதான் போட்டிருக்கேன். அந்தப் பக்கம் மொத்தக் கொத்து உண்மையில கம்மி."

"இளசுங்க மட்டும் அந்தப் பக்கம் ஜாஸ்தியா இருந்தா?"

"அதைவிட இளசையும் பாத்துட்டேன். ஒண்ணும் தூக்கல. இந்த ஒரு வயசுல மட்டும்தான்."

இன்னும் ஆறு கேள்வி கேட்டேன். ஆறுக்கும் பதில் வைத்திருந்தாள். ஏழாவது என்னிடம் இல்லை. ஒட்டு எவ்வளவு பொய் சொல்லும் என்பதை மற்ற மூன்று பக்கமும் காட்டிக் கொடுத்துவிட்டன. அதைக் கழித்தால் மிச்சம் நிற்பது நிஜம். இருபது கோடி ஆண்டுக்கு முன்னால் பெரியவன் பக்கத்தில் வந்தபோது சின்னவன் அந்தப் பக்கம் இழுபட்டான், அங்கே கொத்துகள் கும்பலாகப் பிறந்தன. யோசித்தால் அப்படித்தானே இருக்கும்? சண்டையில் அடி வாங்குவது சின்னவன்தான். முந்தின நாள் இரண்டிலும் ஒரே முட்டைப் பார்த்தபோதே, பெரியவனுக்கு எதற்கு இவ்வளவு அடி என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அழகாக இருந்ததால் கேட்கவில்லை.

அழகான முடிவைவிட இந்த முடிவு எத்தனை மடங்கு பெரியது தெரியுமா? முன்னது உரசிய காலத்தை மட்டும் சொன்னது. இது எந்தப் பக்கம் இழுத்தது என்றும் சொன்னது. நான் மகேஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேர் மேலும் மல்லாட்டைத் தோல்.

"என்னாக்கா, எண்ணியாச்சா?" என்றான் தம்பி.

"எண்ணியாச்சுடா. பக்கத்து வீட்டுக்காரன் இழுத்திருக்கான்."

"யாரு வீட்டை?" என்று கேட்டாள் வேலை செய்த அம்மாள் ஒருத்தி. மகேஸ் அவர்களை உட்கார வைத்துச் சொன்னாள். லாரி காத்திருந்தது.

ஆறு மணிக்குக் கட்டுரை போகவில்லை. மறுநாள் மகேஸ் கட்டுரை இல்லாமலே விண்ணப்பம் போட்டாள். அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் கதை இனிப்பாக இருக்கும். எனக்கு இனிப்பு பிடிக்காது.

நாங்கள் பட்டியலைத் திருத்தி எல்லா வயதையும் மறுபடி போட்டோம். பெரியவனின் முட்டு கரைந்து போனது. சின்னவனில் மூன்று பக்கமும் கரைந்தது. நான்காவது பக்கம் அசையாமல் நின்றது. அதற்குள் அந்த இன்னொரு குழு கட்டுரை வெளியிட்டுவிட்டது. இரண்டு கேலக்ஸியிலும் ஒரே வயதில் முட்டு என்று. எங்கள் தலைவர், "பாத்தீங்களா மேடம், அவங்களுக்கும் அதேதான் வந்திருக்கு. நாம நிறுத்தாமலே இருந்திருக்கலாம்," என்று அனுப்பினார். நான் அந்தக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். எந்தப் பட்டியலை வைத்து வயது போட்டார்கள் என்று எழுதியிருந்தது. என் பெயர்.

இரண்டு குழு ஒரே முடிவுக்கு வந்தால் நம்பலாம் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். இரண்டு குழுவும் ஒரே ஓட்டைத் தராசில் நிறுத்திருந்தால்?

அன்றைக்கே அவர்களுக்குக் கடிதம் எழுதினேன். சுற்றி வளைக்காமல், தப்பு என்னுடையது, ஒட்டிய இடம் இது, கண்டுபிடித்தது மகேஸ்வரி என்று. நல்ல மனிதர்கள், திருத்தம் போட்டார்கள். நானும் என்னுடைய நான்கு பழைய கட்டுரைகளுக்குத் திருத்தம் போட்டேன். நான்கையும் எழுதி முடிக்க ஒரு வருடம் ஆனது. ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை? மகேஸுக்கு அடுத்த வருடம் வேறு இடத்தில் வேலை கிடைத்தது. நேர்காணலில் அவளிடம் கட்டுரையைப் பற்றிக் கேட்கவில்லையாம். உங்கள் வழிகாட்டியின் பட்டியல் தப்பு என்று அவரிடம் எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டார்களாம்.

"என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"ஒரு மணி நேரம் கத்துவாங்க, அப்புறம் வண்டி எடுப்பாங்கன்னு சொன்னேன் மேடம்."

அந்தக் கோப்பு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு தடவை வெளியே போனது திரும்பி வராது. உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் விட்டுப் போன கணினிகளில் நிச்சயம் இருக்கும். மேலே என் பெயர் இருக்கும், அதனால் யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். இதைப் படித்து முடித்ததும் தேடி எடுத்து அழித்துவிடுங்கள். திருத்திய பட்டியலை மகேஸ்வரி பொதுவில் வைத்திருக்கிறாள். ஒட்டிய இடம் எது என்று முதல் வரியிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறாள். அதையும் அப்படியே நம்பாதீர்கள். திறந்து பாருங்கள்.